பாலத்துக்கு அப்பால் மெக்கல்லக்

ராபர்ட் மெக்கல்லக் (1911–1977) என்றதும் எல்லோருக்கும் நினைவில் எழுவது ஒரே செய்திதான். 1968இல் லண்டன் பாலத்தை 24,60,000 டாலருக்கு விலைக்கு வாங்கி, கல்லுக்குக் கல் எண்ணிட்டுப் பெயர்த்து, அரிசோனாவின் பாலைநிலத்தில் நிறுத்திய செல்வந்தர் அவர். கோபுரப் பாலம் என்று எண்ணி இதை வாங்கி ஏமாந்தார் என்ற கட்டுக்கதையும் கூடவே ஒட்டிக்கொள்ளும். வணிக வரலாறும் நகர வரலாறும் பயில்வோர்கூட இந்த வேடிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். அவர் பதித்த ஆழமான தடம் பாலமன்று, கையில் தூக்கிச் செல்லத்தக்க ஓர் எஞ்சின் என்பதே என் கருத்து.

மெக்கல்லக்கின் நிறுவனம் 1940களின் இறுதியில் மரம் அறுக்கும் சங்கிலி ரம்பங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. ரம்பத்தின் எஞ்சினுக்குக் கடுமையான நிபந்தனைகள் உண்டு. எடை குறைவாகவும், எடைக்கு மிஞ்சிய ஆற்றலுடனும், காற்றாலேயே குளிர்வதாகவும் அது இருக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நின்றுவிடக் கூடாது. மிதவை வைத்த கார்புரேட்டர் சாய்ந்தால் தடுமாறும். சவ்வு வைத்த கார்புரேட்டர் தடுமாறாது. இனி கோ-கார்ட்டை எண்ணிப் பாருங்கள். தரையை ஒட்டிய ஒரு குழாய்ச் சட்டகம். வளைவுகளில் எரிபொருளை ஒருபுறம் தள்ளும் விசை. கூடுதல் எடைக்கு இடமே இல்லை. காட்டில் மரம் வெட்டுபவருக்காக வகுத்த நிபந்தனைகள் ஓட்டக்களத்துக்கு அப்படியே பொருந்தின.

1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் உருவாக்கிய முதல் கார்ட் புல்வெட்டி எஞ்சினில் ஓடியது. ஆகவே கார்ட் மெக்கல்லக்கின் கண்டுபிடிப்பன்று. பிறர் தொடங்கிய விளையாட்டின் அளவை உணர்ந்து, 1959இல் ரம்ப எஞ்சினைத் திருத்தி எம்.சி.-10 என்ற கார்ட் எஞ்சினாக விற்றதே அவர் நிறுவனத்தின் பங்கு. சென்னாவும் ஷூமாக்கரும் ஹாமில்டனும் ஓட்டக் கற்ற பள்ளி கார்ட்தான். அவர்கள் காலத்து எஞ்சின்கள் வேறு நிறுவனங்களுடையவை. ஆனால் சிறிய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினே கார்ட்டுக்கு உரியது என்ற மரபு இங்கே வேரூன்றியது. அவரது சூப்பர்சார்ஜரின் கதை குறுகியது: 1957 ஃபோர்டு கார்களில் அது இடம்பெற்றது, அதே ஆண்டில் நாஸ்கார் சூப்பர்சார்ஜர்களுக்கே தடை விதித்தது.

நகரமும் எஞ்சினிலிருந்தே பிறந்தது. படகின் பின்புறம் மாட்டும் மோட்டார்களைச் சோதித்துப் பார்க்க நீர்ப்பரப்பு தேவைப்பட்டது. கொலராடோ ஆற்றின் மீதான பார்க்கர் அணை தேக்கிய ஹவாசு ஏரிக்கரையில், போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்த நிலத்தை 1958இல் வாங்கினார். 1963இல் மேலும் 26 சதுர மைல். நகரத்தைத் திட்டமிட்டவர் டிஸ்னிலேண்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான சி.வி. வுட். ரம்பத் தொழிற்சாலை அங்கே இடம்பெயர்ந்தது. மனை வாங்க வருவோரை நிறுவனம் தன் விமானங்களில் கட்டணமின்றி அழைத்து வந்தது. 1971 அக்டோபரில் திறக்கப்பட்ட பாலம், மனை விற்பனைக்கான மாபெரும் விளம்பரப் பலகை. அதற்கடியில் நீர் ஓடவேண்டும் என்பதற்காகவே கால்வாய் வெட்டித் தீபகற்பத்தைத் தீவாக்கினார்கள்! வெப்பம் 53 பாகைக்கு மேல் ஏறிய அந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி 57,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். மோட்டார் படகுப் பந்தயங்களும் நீர்-ஸ்கூட்டர் பந்தயங்களும் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

எனினும், ஒரு தனிமனிதர் வெறும் மணலிலிருந்து நகரம் எழுப்பினார் என்று எழுதுவதை என்னால் ஏற்க இயலாது. ஏரியில்லாமல் அந்த ஊரில்லை. அணையோ 1938இல் அரசு கட்டி முடித்தது. தேங்கிய நீர் செமெஹுவேவி பழங்குடியினரின் ஆற்றங்கரை விளைநிலங்களை மூழ்கடித்தது. அவர்களுடைய ஒதுக்கீட்டு நிலம் இன்றும் எதிர்க்கரையில், கலிபோர்னியாப் பக்கத்தில் இருக்கிறது. நகரின் வரலாற்றை 1963இலிருந்து தொடங்கும் ஆய்வுகள் அந்தக் கரையைப் பார்ப்பதே இல்லை.