வீடு நமது, வீதி யாருடையது?



சென்ற திங்கள் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வருகையில் இளைஞர் ஒருவர் என்னை நிறுத்தி, "ஐயா, தங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும்" என்றார். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்து, ஒன்பது ஆண்டுகளாக ஹைடெக் சிட்டியில் வேலை பார்ப்பவர். மனைவி, பள்ளி செல்லும் மகள், ஊரை விட்டு மகனிடம் வந்து சேர்ந்த தாய் தந்தையர் என்று ஐவர் கொண்ட குடும்பம். செகந்திராபாத் பத்மாராவ் நகரில் பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் அவருக்கு ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. ஸ்கந்தகிரி சுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் பெரியவர்கள் நடந்தே போய் வரலாம். நல்ல காற்று, நல்ல தண்ணீர், கைக்கு அடங்கிய விலை. குறை ஒன்றே ஒன்றுதான். கார் நிறுத்த இடம் இல்லை.

"தெருவில் விட்டுக்கொள்ளலாம், இங்கே எல்லோரும் அப்படித்தான் விடுகிறார்கள் என்று விற்பவர் சொல்கிறார். வாங்கலாமா, ஐயா?" என்றார்.

இது அவர் ஒருவருடைய வினா அன்று. கோயிலும் பள்ளியும் தமிழ் பேசும் அண்டை வீடும் வேண்டும் என்று பத்மாராவ் நகரிலும் மாரேட்பள்ளியிலும் வீடு தேடும் நம்மவர் பலருக்கும் உள்ள வினா. அங்குள்ள பழைய கட்டடங்கள் பல, ஸ்கூட்டர் வைத்திருந்தவரையே வசதி படைத்தவராகக் கருதிய காலத்தில் எழுந்தவை. அவற்றைக் கட்டியவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்று வாங்குகிற நாம் என்ன செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

என் விடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடமில்லாத வீட்டைத் தாராளமாக வாங்கலாம். ஆனால் வீட்டோடு தெருவையும் வாங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டு வாங்கக் கூடாது.

அந்த இளைஞரை அழைத்துக்கொண்டு ஓர் இரவு பத்து மணிக்கு அந்தத் தெருவுக்குப் போனேன். வீடு பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்க்கிறார்கள். அது போதாது. ஊரிலுள்ள வண்டிகளெல்லாம் வீடு திரும்பிய பின்னர்தான் தெருவின் உண்மையான உருவம் தெரியும். கோயிலுக்கு அருகிலுள்ள தெருவானால் கிருத்திகை நாளன்றும் ஒரு முறை போய்ப் பார்ப்பது நல்லது.

அளவுநாடாவைப் பிடித்து அளந்தோம். தெரு இருபதடி. சிறிய காரின் அகலம் ஏறத்தாழ ஐந்தரை அடி. சுவரை ஒட்டி விட்டாலும் அரையடியாவது இடைவெளி வேண்டும். ஆகவே ஒரு பக்கத்துக்கு ஆறடி போயிற்று. எதிர்ப்பக்கத்தாரும் விட்டால் இன்னும் ஆறடி. மிஞ்சுவது எட்டடி. தீயணைப்பு வண்டியின் அகலமே சுமார் எட்டடி ஆயிற்றே! மின் கம்பமும், வாசற்படியும், வண்டியேற்றப் போட்ட சரிவு மேடையும் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஒருவர் விட்டால் தெரு பொறுத்துக்கொள்ளும். இருவர் எதிரெதிரே விட்டால் தெரு மூடிக்கொள்ளும்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. சொல்ல நாணமாக இருப்பினும் சொல்லிவிடுகிறேன். பதினோராண்டுகளுக்கு முன் நானும் இடமில்லாத வீட்டில் குடியிருந்து, காரைத் தெருவில்தான் விட்டு வந்தேன். எதிர் வீட்டில் ஒரு தெலுங்கு அம்மையார் இருந்தார். பண்டிகை தோறும் எங்கள் வீட்டுக்குப் பூர்ணாலு அனுப்புவார். ஒரு நாள் பின்னிரவில் அவருக்கு நெஞ்சுவலி கண்டது. 108-க்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அந்த 108 ஊர்திச் சேவை 2005 ஆகஸ்டு 15 அன்று இதே ஹைதராபாத்தில்தான் முதன்முதலில் தொடங்கிற்று. நம் நகரத்தார் பெருமைப்படத்தக்க செய்தி அது. ஊர்தி காலந்தாழ்த்தாமல் தெருமுனைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் வர இயலவில்லை. வழியை அடைத்துக்கொண்டு நின்ற இரண்டு வண்டிகளில் ஒன்று என்னுடையது. நான் எழுந்து, சாவியைத் தேடி, கீழே இறங்கி வருவதற்குள் அவருடைய மகனும் மருமகனும் அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தெருமுனை வரைக்கும் சுமந்து போய்விட்டார்கள்.

ஆண்டவன் அருளால் அவர் பிழைத்து, பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பினார். என்னைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அடுத்த பண்டிகைக்கும் பூர்ணாலு வந்தது. அதை உண்ண எனக்கு மனம் வரவில்லை. அந்த வாரமே, மூன்று தெரு தள்ளி ஒருவருடைய காலிமனையில் மாத வாடகைக்கு இடம் பிடித்துக் காரை அங்கே கொண்டுபோய் விட்டேன்.

சட்டமும் தெருவை நமக்குத் தரவில்லை. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்லக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லப் போலீசாருக்கு 127-ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. "எல்லோரும் விடுகிறார்கள்" என்பது வழக்கமேயன்றி உரிமை ஆகாது.

இனி, "இடம் உண்டு" என்று சொல்லி விற்கப்படும் வீடுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கட்டடத்தைத் தூண்களின்மேல் நிறுத்தி அடியில் விடும் இடத்தை இங்கே ஸ்டில்ட் என்பார்கள். நிலத்துக்குக் கீழே தோண்டிய தளத்தைச் செல்லார் என்பார்கள். வரைபடத்தில் வண்டிகளுக்கென்று காட்டி அனுமதி பெற்ற செல்லார், பின்னர் கடையாகவும் கிடங்காகவும் மாறிவிடுவது இந்நகரில் புதிதன்று. ஆகையால் மூன்று காகிதங்களைக் கேட்டுப் பாருங்கள். முதலாவது, மாநகராட்சி அங்கீகரித்த வரைபடம்; அதில் உள்ளது தரையிலும் உள்ளதா என்று ஒப்பிடுங்கள். இரண்டாவது, விற்பவருடைய கிரயப் பத்திரம். அதில் நிறுத்துமிடம் குறித்து ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, குடியிருப்போர் சங்கம் இன்னாருக்கு இன்ன இடம் என்று ஒதுக்கிய தீர்மானம். வாட்ச்மேனின் வாய்ச்சொல் இம்மூன்றில் எதற்கும் ஈடாகாது.

ஸ்டில்ட் இடத்துக்குத் தனி விலை கேட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். மும்பையில் ஒரு கட்டடக் கம்பெனிக்கும் பஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், அவ்விடம் பொதுப்பகுதியே, அதைத் தனியாக விற்கக் கட்டியவருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டு 31 அன்று தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை ஒட்டி எழுந்த வழக்கு. பின்னர் நாடு முழுமைக்கும் வந்த 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டமும், திறந்த நிறுத்துமிடங்களைப் பொதுப்பகுதிகளோடு சேர்த்தே வரையறுக்கிறது. தனியாகப் பணம் கொடுக்குமுன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிடுவது உத்தமம்.

இடமே இல்லாத வீடாயின் விலையில் கண் வையுங்கள். அதே தெருவில் இடமுள்ள வீட்டின் விலையையும், இல்லாத வீட்டின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வேற்றுமையே இடத்தின் மதிப்பு. அதைக் குறைத்துக்கொடுக்க விற்பவர் இசைய வேண்டும். இசையாவிடில் நாம் தெருவுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தவர்கள் ஆவோம். தெருவோ அவருடையது அன்று. நாளை மின்சாரக் கார் வாங்க எண்ணமிருந்தால், அதற்கு வீட்டில் மின்னேற்ற வசதி கிடையாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஜப்பான் நாட்டில் 1962-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்தார்கள். பெரும்பாலான நகரங்களில் கார் வாங்குவோர், தமக்கு நிறுத்த இடம் உண்டு என்று போலீசாரிடம் சான்று பெற வேண்டும். இப்போதைய விதிப்படி அந்த இடம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும். வீட்டு வாசலிலேயே இருக்க வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தவில்லை. எங்கேனும் ஓரிடம் உன்னுடையதாக இருக்க வேண்டும் என்றே கேட்கிறார்கள். நம்மை அப்படிக் கேட்க ஆளில்லை. ஆகவே நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கார் அவசியந்தானா என்பதும் கேட்கத்தக்கதே. அந்த இளைஞரின் வீட்டிலிருந்து சற்று நடந்தால் காந்தி மருத்துவமனை மெட்ரோ நிலையம். 2020 பிப்ரவரியில் திறந்த பச்சை வழித்தடத்தில் ஏறி, பரேட் கிரவுண்டில் நீல வழித்தடத்துக்கு மாறினால் ஹைடெக் சிட்டி சேரலாம். "வாரத்தில் எத்தனை நாள் கார் உண்மையில் வேண்டும்?" என்று கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணினார். இரண்டு விரல்களோடு நின்றுவிட்டது.

முடிவில் அவர் அந்த வீட்டை வாங்கவே தீர்மானித்தார். விலையில் ஓரளவு குறைத்தார்கள். பக்கத்துத் தெருவில் காம்பவுண்டு உள்ள ஒரு வீட்டாரிடம் மாத வாடகைக்கு இடம் பேசி, எழுத்திலும் வாங்கிக்கொண்டார். "அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமா?" என்று அவர் மனைவி சற்றே சலித்துக்கொண்டபோது, அவருடைய தந்தையார் சொன்னாராம்:

"ஊரில் நம் வீட்டுத் திண்ணையை வழிப்போக்கனுக்கு விட்டிருந்தோம், அம்மா. இங்கே வந்து வழிப்போக்கனுடைய வழியை நாம் எடுத்துக்கொள்வதா?"

இதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? அடுத்த திங்கள் சந்திப்போம்.