சூரியத் தகட்டின் உண்மை விலை

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குப் பெருநிலத்தின் மின்கம்பிகள் வருவதில்லை. தமக்கு வேண்டிய மின்சாரத்தைத் தீவுகள் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. அதில் பெரும்பகுதி டீசலை எரிப்பதால் கிடைக்கிறது. அந்த டீசலும் கடல் கடந்து கப்பலில்தான் வருகிறது.

இந்நிலையை மாற்றும் முயற்சியில் தமிழ்நாட்டிற்கும் பங்குண்டு. பழுப்பு நிலக்கரிக்காக 1956ஆம் ஆண்டு நெய்வேலியில் தொடங்கப்பட்ட என்.எல்.சி. நிறுவனமே, தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை மின்கலச் சேமிப்புடன் அமைத்துள்ளது. மண்ணைத் தோண்டி மின்சாரம் எடுத்தவர்கள் விண்ணை நோக்கினர் எனலாம்.

1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய சிலிக்கான் மின்கலம், தன்மீது விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டையே மின்சாரமாக மாற்றியது. இன்றைய நல்ல தகடுகள் 20 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுகின்றன. விலையும் பன்மடங்கு குறைந்துவிட்டது. ஆகவே, “மலிவான தகடே போதும், திறன் எதற்கு?” என்று கேட்போர் உளர். வெற்று நிலம் பரந்து கிடக்கும் இராஜஸ்தானில் அக்கேள்வி பொருந்தலாம், தீவில் பொருந்தாது.

நல்ல வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைப் பொழிகிறது. எனவே ஒரு கிலோவாட் மின்சாரம் பெற, 16 விழுக்காடு திறனுள்ள தகடு 6.25 சதுர மீட்டர் வேண்டும். 20 விழுக்காடு திறனுள்ளதோ 5 சதுர மீட்டர் போதும். 20 மெகாவாட் நிலையத்திற்கு இவ்வேறுபாடு 25,000 சதுர மீட்டர், அதாவது இரண்டரை ஹெக்டேர் ஆகிறது. நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடாக உள்ள தீவுகளில் இரண்டரை ஹெக்டேர் சிறிதன்று. மலிவான தகட்டில் மிச்சமாகும் பணத்தைக் காடு செலுத்த நேரிடும்.

அதற்காகப் புதியன யாவும் சிறந்தன என்று கொள்ளுதலும் தவறு. பெரோவ்ஸ்கைட் என்னும் பொருளைச் சிலிக்கானோடு அடுக்கிய மின்கலங்கள் ஆய்வுக்கூடத்தில் 30 விழுக்காட்டைக் கடந்துள்ளன. ஆயினும் ஈரம் அப்பொருளுக்குப் பகை. நீண்ட மழைக்காலத்தையும் உப்புக்காற்றையும் தாங்கி நின்ற பின்னரே அது தீவுக்கு ஏற்றதாகும்.

ஆகவே, தகட்டின் விலைச்சீட்டை மட்டும் நோக்குதல் அறிவுடைமை ஆகாது. அது எத்தனை ஆண்டு உழைக்கும், எவ்வளவு நிலம் கொள்ளும், இரவுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேமிக்க என்ன செலவாகும், எவ்வளவு டீசலைத் தவிர்க்கும் என்பனவற்றையும் சேர்த்து எண்ணுவதே உண்மைக் கணக்கு.

சிந்தித்து எழுதுக: உங்கள் பள்ளிக் கூரையில் 100 சதுர மீட்டர் இடம் உள்ளது. எத்தகைய தகட்டைத் தேர்வீர்கள்? ஏன்?