மருந்து வேறு, மந்திரம் வேறு

மதுரையிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் நம் குடும்பங்கள் பல அக்குபங்சரை நாடுகின்றன. அதில் குற்றமில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே பணித்தார்கள். 2019இல் மத்திய அரசும் இதைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது. சீன மருத்துவம் ஐந்து மூலகங்களைப் பேசும். கவலையை நிலத்தோடும் மண்ணீரலோடும், அச்சத்தை நீரோடும் சிறுநீரகத்தோடும் இணைக்கும். சோதித்துப் பார்த்து ஏற்கவோ தள்ளவோ நமக்கு உரிமையுண்டு.

ஆனால், கவலை தீரச் சக்கரங்களைத் திறக்கிறோம் என்று அதனோடு ஒட்டவைக்கிறார்களே, அது எந்த மருத்துவம்? சக்கரங்கள் தாந்திரிக வழிபாட்டைச் சேர்ந்தவை. 1577இல் பூர்ணானந்தர் இயற்றிய சமஸ்கிருத நூல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தெய்வத்தையும் பீஜ மந்திரத்தையும் வகுக்கிறது. நம்புவோர்க்கு அது வழிபாடு. அவர்களை நாம் இகழவில்லை. அதற்கு 'மூச்சுப் பயிற்சி' என்று பெயர் மாற்றி, துயருற்ற முஸ்லிம் பெண்ணை 'லம்', 'ரம்' என உச்சரிக்கச் செய்வதையே கண்டிக்கிறோம்.

"உனக்கு ஈமான் குறைவு" என்று அவளை ஏசுவோரும் இப்பழியில் பங்காளிகளே. கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் நபியவர்களே அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். துக்கத்தில் இருப்போர்க்குத் தல்பீனா எனும் வாற்கோதுமைக் கஞ்சியையும் பரிந்துரைத்தார்கள். துஆவும் மருந்தும் அங்கே சேர்ந்தே இருந்தன.

மருத்துவரை விட்டு வேறு வாசல்களில் காத்திருந்ததன் விலையை நாம் அறிவோம்: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீக்கிரையாயினர். உறக்கமும் பசியும் கெட்டவரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம்.

அல்லாஹ் நம் உள்ளங்களுக்கு அமைதி அருள்வானாக! ஆமீன்.