ரெண்டு கம்பி எங்கே சார்?

நான் பேஸ் கிதார் வாசிக்கிறவன். இதைச் சொன்னதும் எதிராளி முகத்தில் ஒரு மரியாதை வரும். கிதாரை உறையிலிருந்து உருவிக் காட்டியதும் போய்விடும்.

"என்ன சார், நாலு கம்பிதான் இருக்கு? ரெண்டு அறுந்து போச்சா?"

முப்பது வருஷமாக இதே கேள்விதான். கல்யாண மண்டபத்தில் பெண்ணின் தாய்மாமா கேட்டிருக்கிறார். திருவிழா மேடையில் தர்மகர்த்தா கேட்டிருக்கிறார். கச்சேரிக்குப் போகிற வழியில் பெண் பார்க்கப் போனதால் கிதாரும் கூட வந்துவிட, என் வருங்கால மாமனாரும் கேட்டார். "இதுக்கு நாலுதாங்க" என்றேன். 'ரெண்டு கம்பி வாங்கக்கூட வக்கில்லை போலிருக்கே' என்பது போல் மாமியாரைத் திரும்பிப் பார்த்தார். இருந்தும் பெண்ணைக் கொடுத்தார். அதற்காக அவருக்கு நான் கடமைப்பட்டவன். அவர் பெண் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சனி, ஞாயிறு மெல்லிசைக் குழு. ஜாகை மாடம்பாக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே தேனுபுரீஸ்வரர் கோயிலுக்கு சரபேஸ்வரர் பூஜைக்கு வரும்போது, நான் மட்டும் எதிர்த்திசையில் முதுகில் ஒரு சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு கேம்ப் ரோடு பக்கம் போவேன்.

போன மாதம் ஒருநாள் காலை இடது கையைத் தூக்கிச் சட்டை போட முடியவில்லை. தாம்பரத்தில் எலும்பு டாக்டரிடம் போனேன்.

"வெயிட் ஏதாவது தூக்கறீங்களா?"

"அஞ்சு கிலோ டாக்டர். இடது தோள்ல."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம். நின்னுக்கிட்டே."

"மூட்டை தூக்கறவரே நடுவுல இறக்கி வைப்பாரே சார்! கனம் குறைஞ்சதா ஒண்ணு வாங்குங்க. இல்லாட்டி விட்டுடுங்க."

விடுவதா! மூன்றரை கிலோவில் ஒரு கிதார் பார்த்து வைத்தேன். விலை 21,000 ரூபாய். கையில் இருந்தது 12,000. எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கிதார் ஒன்று உள்ளே வரவேண்டுமானால் ஒன்று வெளியே போகவேண்டும். ஆக, பழசு 9,000-க்குப் போயாக வேண்டும்.

அந்தப் பழசில்தான் ஒரு விவகாரம்.

* * *

1994. தீபாவளி போனஸ் வந்த கையோடு, ஒரு ஆர்க்கெஸ்ட்ராக்காரரிடம் 3,500 ரூபாய்க்கு வாங்கியது அது. மனுஷர் எனக்கு வாசித்துக் காட்டினார் பாருங்கள், அப்படியே சொக்கிப்போனேன். அவர் விரல்கள் கழுத்தின் ஆரம்பத்திலேயே சுற்றிச் சுற்றி வந்ததை அப்போது கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஏழாவது ஃப்ரெட்டைத் தாண்டினேன். (வீணையில் மெட்டு என்பார்களே, கிதாரில் அதுதான் ஃப்ரெட்.) 'ஞொய்ங்' என்று ஒரு சத்தம். கொசுதான் என்று நினைத்துக் கையால் விரட்டினேன். போகவில்லை.

ரிப்பேர்காரர் கிதாரைத் துப்பாக்கி மாதிரி தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "கழுத்து வளைஞ்சிருக்கு" என்றார்.

விஷயம் இதுதான். பேஸ் கிதாரின் நாலு கம்பிகளும் சேர்ந்து சுமார் 75 கிலோ விசையில் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு வாட்டசாட்டமான ஆள் ராத்திரி பகலாகத் தொங்குகிற மாதிரி. மரம் வளையாமல் இருக்க, கழுத்துக்குள்ளே 'ட்ரஸ் ராட்' என்று ஒரு இரும்புத் தண்டு ஓடும். அதன் முனையில் உள்ள திருகைச் சற்று முடுக்கினால் கழுத்து நிமிரும். என் கிதாரில் யாரோ முறுக்கு முறுக்கென்று முறுக்கித் திருகின் தலையே மழுங்கியிருந்தது. ரிப்பேர்காரர் எப்படியோ பாதி நிமிர்த்தினார். "இனிமே இதைத் தொட முடியாது. ஏழுக்கு மேல போகாதீங்க" என்றார்.

முப்பது வருஷம் நானும் போகவில்லை. லட்சுமணன் கோடு போட்டது போல அங்கேயே நின்றுவிட்டேன். பெரும்பாலான பாட்டுகளை ஏழுக்குள் முடித்துவிடலாம். முடியாத இடத்தில் முகத்தைச் சுளித்துக் கண்ணை மூடிக்கொண்டால் ஜனங்கள் அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் செகண்ட் ஹேண்டில் வாங்கப் போனால் நிறத்தை அப்புறம் பாருங்கள். முதலில், தச்சர் பலகையைப் பார்க்கிற மாதிரி கழுத்தை நீளவாக்கில் ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கலாம். சுண்டு விரல் நுழைந்தால் வந்த வழியே திரும்புங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள். விற்பவரை வாசிக்க விடாதீர்கள். வால்யூம் குமிழைத் திருகினால் கரகரக்கிறதா பாருங்கள். கடைசியாக, தோளில் மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நில்லுங்கள். கடையில் பத்து நிமிஷம் வலிப்பது மேடையில் மூன்று மணி நேரம் வலிக்கும்.

* * *

கிதார் பாதிதான். மீதி ஆம்ப்ளிஃபயர். அதில் என் பூர்வ கதை இன்னும் கேவலம்.

முதலில் வீட்டு டேப் ரெக்கார்டரில் சொருகினேன். அட்டைப்பெட்டியில் '1,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்த சாதனம். மாமனார் சீதனமாகக் கொடுத்தது. நாலாவது கம்பியை ஒரு தட்டுத் தட்டினேன். ஸ்பீக்கர் அப்பளமாகக் கிழிந்தது. பி.எம்.பி.ஓ. என்பதற்கு எந்தத் தர அளவும் கிடையாது. பெட்டியில் எழுதுபவரின் மனசைப் பொறுத்தது என்று பிற்பாடு தெரிந்தது.

பேஸ் கிதாரின் அடிநாதம் 41 ஹெர்ட்ஸ். அதன் அலை ஒன்றின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். எங்கள் வீட்டு ஹாலைவிடப் பெரிசு. அவ்வளவு காற்றைத் தள்ள பெரிய ஸ்பீக்கர் வேண்டும், பெரிய பெட்டி வேண்டும். சாதாரண கிதாருக்கான ஆம்ப்பில் இதைச் சொருகிச் சத்தம் வைத்தால், ஆம்ப் வைத்திருந்தவர் நண்பராக நீடிப்பது கஷ்டம்.

வாட்ஸ் கணக்கிலும் ஒரு சூது உண்டு. 50 வாட்ஸை 100 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகாது. காதுக்கு லேசாகக் கூடின மாதிரி இருக்கும், அவ்வளவே. இரட்டிப்பாகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வேண்டும். வீட்டுப் பயிற்சிக்கு 20 வாட்ஸ் போதும். டிரம்ஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் 100-க்குக் குறையக் கூடாது. அவர் சம்பளத்துக்குச் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் 200.

1995-ல் அப்படி ஒன்றை பாரிமுனையில் வாங்கி, பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு வெண்டர் பெட்டியில் கொண்டுவந்தேன். மீட்டர்கேஜ் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓடிய காலம். கீரைக்கட்டு, மீன்கூடைக்கு நடுவே நானும் ஆம்ப்பும். ஒரு அம்மா அதன் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, "உள்ளே என்ன தம்பி, கோழியா?" என்றார். இல்லை, பேஸ் என்றேன். "பேசுமா?" என்றார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். ஆம்ப்பின் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிட்டுச் சொருகுகிற மைக் செட் பையன்கள் உண்டு. எர்த் இல்லாமல் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். உயிரே போகும். கோரஸ் பாடப் போய் ஒரு தடவை நான் துள்ளிய துள்ளலுக்கு ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அன்றிலிருந்து மைக்கைத் தொடுமுன் பிளக்கைப் பார்க்கிறேன்.

* * *

இத்தனை பாடுபட்டு வாசிப்பதை யாராவது கேட்கிறார்களா?

இல்லை. ஆனால், இல்லாவிட்டால் கேட்கிறார்கள்!

1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் ப்ரிசிஷன் பேஸ் கொண்டுவந்தார். ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். நம் ஊரில் பிறந்திருந்தால் ரிச்சி தெருவில் கடை போட்டிருப்பார். அவருக்கு கிதார் வாசிக்கத் தெரியாது. அதுவரை பேஸ் என்றால் ஆள் உயர டபிள் பேஸ்தான். தூக்கவும் முடியாது, மற்ற வாத்தியங்களுக்கு நடுவே கேட்கவும் கேட்காது. அதைத் தோளில் மாட்டும்படி செய்தார் மனிதர். என் தோளுக்கு அவர்தான் பொறுப்பு.

நம் காதுகளுக்கு பேஸைப் பழக்கியவர் இளையராஜா. 'பகல் நிலவு' (1985) படத்தின் 'பூமாலையே' பாட்டை நல்ல ஸ்பீக்கரில் போட்டு, பாட்டை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேளுங்கள். தனியாக இன்னொரு பாட்டு போய்க்கொண்டிருக்கும். அவருக்கு வாசித்த சசிதரன், ரஹ்மானுக்கு வாசித்த கீத் பீட்டர்ஸ் இருவரையும் தெருவில் பார்த்தால் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் குழுத் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, வேன்ல இடம் பத்தலை. கீபோர்டு பையன் இடது கையால பேஸ் போட்டுடுவான்."

மூன்று கச்சேரி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். நாலாவதுக்கு அவரே போன் பண்ணினார். "வந்துடு தம்பி. ஜனங்களுக்கு என்ன குறையுதுன்னு சொல்லத் தெரியலை. ஆனா முன்வரிசையில ஒருத்தனும் ஆட மாட்டேங்கறான்."

எனக்குக் கிடைத்த ஒரே விருது அதுதான்.

* * *

விற்பனைக்கு வருவோம். செல்போனில் படம் போட்டேன். ஏழு பேர் கூப்பிட்டார்கள். "ஆறு கம்பியே 4,000-க்குக் கிடைக்குதே, நாலு கம்பிக்கு எதுக்கு 9,000?" என்றார் ஒருவர். "ஷோகேஸ்ல வைக்கத்தான், 1,500-க்குக் குடுங்க" என்றார் இன்னொருவர். ஒருவர் பழைய மிக்சியை மாற்றாகக் கொடுக்க முன்வந்தார். என் மனைவி அதைப் பரிசீலித்தாள்.

எட்டாவது, அகரம்தென்னிலிருந்து ஒரு பையன். இருபத்திரண்டு வயசு இருக்கும். கொரியர் டெலிவரி வேலை. பைக்கில் வந்து, கிதாரைப் பார்த்ததும் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஆடித் திருவிழாவுக்கு ஒரு ட்ரூப்ல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க சார். ஃபர்ஸ்ட் ப்ரோக்ராம். அம்மா சீட்டு எடுத்துக் குடுத்தாங்க."

ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுகளை வெளியே எடுத்தான். எண்ணிப் பார்க்காமலே தெரிந்தது, 9,000.

"வாசிச்சுக் காட்டுங்க சார்."

வாசித்தேன். பிரமாதமாக வாசித்தேன் என்றே சொல்லவேண்டும். பையன் சொக்கிப்போய் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் குனிந்து பார்த்தேன். என் விரல்கள் கழுத்தின் ஆரம்பத்திலேயே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

1994-ல் எனக்கு வாசித்துக் காட்டியவரின் அதே விரல்கள்.

நிறுத்திவிட்டேன். "தம்பி, இதைத் துப்பாக்கி மாதிரி பிடிச்சு ஒரு கண்ணால பாரு" என்றேன். பார்த்தான். "வளைஞ்ச மாதிரி இருக்கே?" என்றான். கம்பியை இரண்டு முனையிலும் அழுத்தச் சொன்னேன். "நடுவுல விரல் போகும் போலிருக்கே?" என்றான். ஏழுக்கு மேல் வாசிக்கச் சொன்னேன். கொசு வந்தது. திருகு மழுங்கின கதையையும் சொன்னேன்.

கற்பூரப் புத்தி பையனுக்கு. வளைவுக்கு ஆயிரம், இடைவெளிக்கு ஆயிரம், கொசுவுக்கு ஆயிரம், திருகுக்கு ஆயிரம் என்று வரிசையாகக் குறைத்தான். பாடமும் நானே சொல்லிக் கொடுத்து, ஃபீஸையும் நானே கட்டினேன். 5,000-க்கு முடிந்தது.

"வேற யாரா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க ண்ணா" என்றான் போகும்போது. சார் அண்ணாவாகியிருந்தேன். அதற்கு 4,000 கொஞ்சம் அதிகம்தான்.

மனைவி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"வாயை மூடிக்கிட்டு இருந்தா 9,000 வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீங்க அந்தாளை முப்பது வருஷமா திட்டறீங்க. எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அகரம்தென்ல இன்னொரு பொண்ணு வேற அதே மாதிரி கேட்கணுமா?" என்று பீரோவைத் திறந்து 4,000 எடுத்து வைத்தாள். "கடன்தான்" என்றாள்.

ஆடியில் அந்தத் திருவிழாவுக்குப் போனேன். கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். பையன் ஏழைத் தாண்டவே இல்லை. ஒரு இடத்தில் முகத்தைச் சுளித்துக் கண்ணை மூடினான். முன்வரிசையில் பத்துப் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற பெரியவர் என் தோளைத் தட்டினார், சரியாக அந்த வலிக்கிற தோளை. "பாவம் சார் அந்தத் தம்பி. கிதார்ல ரெண்டு கம்பி அறுந்து போச்சு போல."

முப்பது வருஷமாக விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது.

"ஆமா சார்" என்றேன். "ரெண்டும் எங்க வீட்லதான் இருக்கு."