பேணத் தெரியாதவனுக்குக் கார் எதற்கு?

"ஐரோப்பியக் காரா? யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை!" என்று ஏளனம் பேசுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. கடலூர் முதுநகரில் தொடங்கிச் சிதம்பரம் வரையிலும் இந்த ஏளனத்தைக் கேட்கலாம். பழைய பியட் வண்டி ஒன்றை முற்றத்தில் நிறுத்தி, ஓய்வு நாளில் அதன் கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்கும் இளைஞனைப் பெற்றவர்களே 'இரும்புப் பைத்தியம்' என்கிறார்கள். அதே பெற்றோர், அடுத்த தெருக்காரர் தவணைக் கடனில் ஜெர்மன் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினால் வாசலுக்கே போய் வாழ்த்திவிட்டு வருகிறார்கள். பேணுகிறவன் பைத்தியம், கடன்படுகிறவன் பாக்கியவான்! இந்தத் தலைகீழ் நியாயத்தை எதிர்த்தே இதனை எழுதுகிறோம்.

நாம் சொல்ல வருவது இதுதான். காரை விரும்புவது குற்றமன்று. அதன் பொறியமைப்பை அறிந்து, பழுது நீக்கி, நெடுங்காலம் ஓட்டி மகிழ்வது வீண்செலவும் அன்று. பேணும் எண்ணமே இல்லாமல் பெருமைக்காக வாங்கி, நான்கு ஆண்டில் சீரழித்து, அடுத்ததற்குத் தாவுவதுதான் வீண்செலவு. அதுதான் இன்று நம் குடும்பங்களை அரித்துக்கொண்டிருக்கிறது.

முதலில், ஐரோப்பியக் கார் என்றாலே நமக்கு அந்நியமான பொருள் என்னும் மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் தந்தையரும் பாட்டனாரும் ஏறிப் பயணம் செய்த கார்கள் எவை? அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியின் மறுபிறப்பு. 1957ஆம் ஆண்டையொட்டி உத்தரபாராவில் உற்பத்தி தொடங்கி, 2014இல் நிற்கும்வரை அதன் முகம் அதிகம் மாறவில்லை. பம்பாய் குர்லாவில் உருவான பத்மினி, இத்தாலியின் பியட் 1100. நம் மாநிலத்திலேயே பிறந்த ஐரோப்பிய வண்டியும் உண்டு. 1948இல் சென்னையில் அமைந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களை உருவாக்கியது. ஆங்கிலேயர் செய்த அந்த வண்டிக்கு வடிவம் வகுத்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். அடிச்சட்டம் தனி, உடல் தனி. முன்பக்க மூடியை முழுவதுமாக முன்னோக்கிச் சாய்த்துவிட்டால் எந்திரமும் முன் சக்கர அமைப்பும் கண்முன்னே திறந்து கிடக்கும். 948 சி.சி. எந்திரம், குறுகிய தெருவிலும் ஒரே மூச்சில் திரும்பிவிடும் இலாகவம். பழுது பார்ப்பவனின் கைக்கு இவ்வளவு இணக்கமான வண்டிகள் பின்னாளில் அருகிவிட்டன.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள பரங்கிப்பேட்டையின் வரலாற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1830களில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கே இரும்பாலை நிறுவினார். சேலத்துக் கனிமம் அங்கே வந்து உருகி, வார்ப்பிரும்பாகி, இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அக்கரையில் மரக்கலங்களைக் கட்டியும் செலுத்தியும் வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். மரக்கலம் வைத்திருந்தவன் எவனும் அதை வாங்கிப் போட்டுவிட்டு உறங்கியதில்லை. பருவம் தவறாமல் கரையேற்றி, பலகையின் இடுக்குகளை அடைத்து, எண்ணெய் பூசிய பிறகே மீண்டும் கடலில் இறக்கினான். பேணாத கலம் நடுக்கடலில் பழிவாங்கும் என்பதை அவன் அறிந்திருந்தான். அந்த மரபில் வந்த நாம், இலட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய காரின் எண்ணெய் அளவைக் கோலை எடுத்துப் பார்க்கவும் அறியாதிருப்பது வெட்கக்கேடு அல்லவா?

"பழைய ஐரோப்பியக் காருக்கு உதிரிப் பாகம் கிடைக்காது, கம்பெனிக்காரன் மூட்டை கட்டிப் போய்விடுவான்" என்பது எதிர்ப்பவர்களின் முதல் வாதம். இதில் உண்மை உண்டு, மறுக்க மாட்டோம். 1990களில் பெருத்த ஆரவாரத்தோடு வந்த பியூஜோ 309 சில ஆண்டுகளிலேயே மறைந்தது. ஓப்பல் 2006இல் விடைபெற்றது. வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஆனால் இந்த நிகழ்ச்சிகள் கற்பிக்கும் பாடம் என்ன? கம்பெனியை மட்டுமே நம்பியவன் கைவிடப்பட்டான். வண்டியை அறிந்தவனோ கைவிடப்படவில்லை. எந்தப் பாகம் வேறு எந்த வண்டிக்கும் பொதுவானது, எதைக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளலாம், எதை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட ஆர்வலர்களிடம் அந்த வண்டிகள் தொடர்ந்து ஓடின. உதிரிப் பாகத்தைவிட அறிவுதான் இங்கே அருகிப்போன சரக்கு.

"புகழ்பெற்ற கம்பெனி, எதற்குப் பராமரிப்பு?" என்போர் அதற்கு நேர் எதிர்க் கரையில் நிற்பவர்கள். இவர்களால்தான் ஐரோப்பியக் காருக்கே கெட்ட பெயர். நம் கரையோரக் காற்றில் உப்பு கலந்திருக்கிறது. அது அடிப்பாகத்தின் மடிப்புகளில் தங்கி இரும்பைத் தின்னும். மாதம் ஒருமுறையேனும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். ரேடியேட்டரில் குளிர்விப்புத் திரவத்துக்குப் பதிலாகக் கிணற்று நீரை ஊற்றினால், உப்பு படிந்து வழிகள் அடைபடும். சூட்டில் பழுத்த பிளாஸ்டிக் தொட்டியும் குழாயும் நெடுஞ்சாலையில் வெடித்த பிறகு ஜெர்மனியைச் சபித்துப் பயன் என்ன? டைமிங் பெல்ட்டுக்குக் குறிக்கப்பட்ட கெடு கடந்தால் அது அறுந்து வால்வுகளை வளைத்துவிடும். சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய செலவு இலட்சத்தைத் தொடும். தானியங்கி கியர்ப் பெட்டியின் எண்ணெயை 'ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்' என்று சில கார்க் கம்பெனிகள் சொல்லின. அந்தப் பெட்டியைச் செய்து தரும் இசட்.எப். நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுளைச் சொன்னார்கள் என்று கேட்டிருக்க வேண்டாமா?

வெள்ளம் இன்னொரு ஆசிரியன். 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கடலூரைத் தாக்கியது. 2015 பெருமழையில் மாவட்டமே நீரில் மிதந்தது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் பலவும் மூழ்கியதால் மட்டும் மாள்வதில்லை. நீர் வடிந்தவுடன் ஆத்திரப்பட்டுச் சாவியைத் திருகுவதால் மாள்கின்றன. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் நிற்கையில் எந்திரத்தைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியைக் கட்டி இழுத்து, எந்திரத்தைத் திறந்து நீரை வெளியேற்றியவன் வண்டியைக் காப்பாற்றுவான். இந்தச் சிறு அறிவுதான் உரிமையாளனுக்கும் வெறும் விலை கொடுத்தவனுக்கும் உள்ள வேற்றுமை.

இனி, சொல்லக் கசப்பானதையும் சொல்லியாக வேண்டும். நம் திருமணங்களில் கார் நுழைந்துவிட்டது. கைக்கூலி கேட்பது இழிவு என்று மேடையில் முழங்குகிறவர்களே, "பையன் கார் பிரியன், பெண் வீட்டார் விரும்பிச் செய்தால் தடுக்க மாட்டோம்" என்று நயமாக மொழிகிறார்கள். 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் கப்பல் வேலையிலும் வளைகுடா நாட்டிலும் உடலை வாட்டிச் சேர்த்த ஒரு தகப்பனாரின் பணம், முகம் தெரியாத மருமகனின் வாசலில் உலோகமாக நிற்கிறது. அவனோ அதன் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பதும் அறியாதவன். இவனையா கார் பிரியன் என்பது? தன் உழைப்பில் பத்தாயிரம் ரூபாய்க்குப் பழுதான வண்டி ஒன்றை வாங்கி, கையில் கிரீஸ் படிய அதை உயிர்ப்பித்து ஓட்டுகிறவனே கார் பிரியன். மாமனார் பணத்தில் வரும் காதல் காதலன்று, கொள்ளை.

வெளிப்பகட்டு என்னவாகும் என்பதற்கு நம் ஸ்டாண்டர்டு நிறுவனமே சான்று. 1985இல் இங்கிலாந்தின் ரோவர் வண்டியின் அழகிய உடலைக் கொண்டுவந்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று பெயரிட்டார்கள். உள்ளேயோ பழைய வான்கார்டு வழிவந்த எந்திரத்தைப் பொருத்தினார்கள். 1988இல் தொழிற்சாலையே மூடப்பட்டது. மேனி ஒன்றும் உள்ளம் ஒன்றுமாக இருக்கும் எதுவும் நெடுநாள் ஓடுவதில்லை. கடனில் பளபளக்கும் குடும்பங்களும் அப்படித்தான்.

அரசாங்கத்திடமும் நமக்கு வழக்கு உண்டு. தனியார் காருக்குப் பதிவுக் காலம் 15 ஆண்டு. அதன்பின் ஆய்வில் தேறிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வு நியாயமானது. ஆனால் கட்டணம்? 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. இறக்குமதி செய்த காருக்கு 40,000. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு, 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 என்றும், இறக்குமதி வண்டிக்கு 80,000 என்றும் உயர்த்தியது. இன்னொரு புறம், 2021இல் வந்த விதிகள் 50 ஆண்டு நிறைந்த, மூல வடிவம் குலையாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாக ஏற்றுத் தனிப்பதிவு அளிக்கின்றன. அப்படியானால் 20 ஆண்டு கடந்து 50ஐ எட்டாத வண்டியின் கதி என்ன? 1995இல் பிறந்த கார், 2045இல் செல்வமாக மதிக்கப்படுமாம். அதுவரை கழிவாக நடத்தப்படுமாம்! முப்பது ஆண்டுகள் அதைக் காப்பாற்றியவனைத் தண்டித்துவிட்டு, ஐம்பதாம் ஆண்டில் எந்த வண்டியைப் போற்றப் போகிறார்கள்?

"பழைய வண்டி புகை கக்குகிறதே" என்பார்கள். கக்கினால் நிறுத்துங்கள்; நாமும் துணை நிற்போம். பழைய எந்திரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் புதியதைவிட அதிகம் மாசு தரும் என்பதையும் ஒப்புகிறோம். ஆனால் அளவுகோல் புகையாக இருக்கட்டும், பிறந்த தேதியாக இருக்க வேண்டாம். பேணாத ஏழு ஆண்டு வண்டி கரும்புகை கக்கிச் செல்வதையும், பேணிய பழைய வண்டி சோதனையில் தேறுவதையும் சாலையில் எவரும் காணலாம். வாரம் ஒருமுறை வெளியே வரும் வண்டிக்கும் நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கும் ஒரே தராசு எப்படிப் பொருந்தும்? புதுக் கார் செய்வதற்கும் இரும்பு உருக்க வேண்டும், நிலக்கரி எரிய வேண்டும் என்பதை இவர்கள் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதில் கரைந்துகொண்டிருக்கும் இன்னொரு செல்வம், கைத்தொழில். கார்புரேட்டரின் ஓசையைக் கேட்டே கோளாற்றைச் சொல்லும் முதிய மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டுப் போகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கடல்கடந்து, அயலான் வண்டியைக் கழுவும் வேலைக்குக்கூட அணிவகுக்கிறார்கள். நம் மாவட்டத்தில் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பிக்கிறார்கள். படித்த பிள்ளை பட்டறைக்குள் நுழைவதை இழிவென்று நாம் எண்ணும்வரை அந்தப் படிப்பு ஏட்டுச் சுரைக்காய்தான். மருமகனுக்குக் கார் வாங்கக் குவிக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு இரண்டு இளைஞர்களுக்குக் கருவிப் பெட்டியும் பயிற்சியும் கொடுத்தால், அவர்கள் ஊரிலேயே தலைநிமிர்ந்து வாழ்வார்கள். கார் வாங்கிய பணம் தேய்ந்துபோகும். கற்றுக்கொடுத்த கை தலைமுறைக்கும் நிற்கும்.

ஆகவே பெற்றோருக்குச் சொல்கிறோம்: உங்கள் மகன் பழைய வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தால் ஏசாதீர்கள். அவன் பொறுமையையும் சிக்கனத்தையும் அங்கே பயில்கிறான். இளைஞர்களுக்குச் சொல்கிறோம்: ஐரோப்பியக் கார் வேண்டுமா, வாங்குங்கள், உங்கள் சொந்த உழைப்பில், உங்கள் கைக்கு அடக்கமான விலையில், வாங்கும் விலையோடு பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு வாங்குங்கள். முடியாது என்றால் பேருந்தில் ஏறுங்கள். அதில் ஒரு குறைவும் இல்லை. மணமகன் வீட்டாருக்கோ ஒரே சொல்: வாசலில் பிறர் பணத்தில் நிற்கும் காரைவிட, வெறும் வாசல் கண்ணியமானது.