விருந்தினருக்கு ஊர் காட்டுவோம்



ஆடி, ஆவணி மாதங்கள் வந்துவிட்டால் எமது வீடுகள் நிறைந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வருவார். பாரிசிலிருந்து சித்தப்பா குடும்பம் வரும். இலண்டனிலிருந்து பெரியம்மாவின் பிள்ளைகள் வருவார்கள். சமையல், உறவினர் வீடு, பல்லாரோச் சந்தை, மாலையில் கடற்கரை என்று பத்து நாளும் கழிந்துவிடும். திரும்பிப் போனவரிடம் "பலெர்மோவில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், மருமகளின் குசினியையும் சந்தையையும் சொல்வார். எம்மவர் விருந்தோம்பலில் ஒரு குறையும் இல்லை. குறை ஊர் காட்டுவதில்தான் இருக்கிறது. இப்பகுதியில் வழமையாக நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றி எழுதும் நான், இம்முறை விடுமுறைக்கான மருந்துச் சீட்டு ஒன்றை எழுதித் தருகிறேன்.

எம்மவர் இந்நகரை அறியாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1980களிலிருந்து இங்கு வந்து சேர்ந்தவருள் மிகப் பலர் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் ஈடுபட்டவர்கள். வேலைக்குப் போகும் பஸ் பாதையே அவர்கள் அறிந்த பலெர்மோ. பிள்ளைகளோ இங்கேயே பிறந்து, பாடசாலை ஆசிரியரோடு இவ்விடங்கள் பலவற்றைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் பார்த்ததை வீட்டில் சொல்ல அவர்களிடம் தமிழ்ச் சொல் இல்லை. தாயாருக்கு மொழிபெயர்க்க வைத்தியரிடம் வரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, 'ஈரல்' என்ற சொல் தெரியாமல் வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கும் பேச்சு வாங்குவதற்கும் மட்டுமே தமிழ் பயன்படும் வீட்டில் இது நடக்கத்தான் செய்யும்.

ஆகவே என் ஆலோசனை இதுதான்: விருந்தினருக்கு ஊர் காட்டும் பொறுப்பைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். தமிழிலேயே காட்டச் சொல்லுங்கள். அம்மம்மாவுக்கு இத்தாலிய மொழி தெரியாது என்பது இங்கே பெரும் வாய்ப்பு. முதல் நாள் இரவு பெற்றோர் பக்கத்தில் இருந்து வேண்டிய சொற்களை எடுத்துக் கொடுத்தால் போதும். இதற்கு நான்கு நாள்கள் ஒதுக்கலாம்.

முதல் நாள் பியாற்சா மரீனாப் பகுதி. அங்கே அனைத்துலகப் பொம்மலாட்ட அருங்காட்சியகம் இருக்கிறது. 1975இல் இது உருவாகக் காரணமான அந்தோனியோ பஸ்குவலினோ (1931–1995) தொழிலால் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் என்பதை ஒரு வைத்தியன் என்ற முறையில் பெருமையோடு சொல்கிறேன். சினிமாவும் தொலைக்காட்சியும் பரவியபோது சிசிலியின் பொம்மலாட்டக் கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆட்டக் குடும்பங்கள் பொம்மைகளை விற்கத் தொடங்கின. அப்போது பஸ்குவலினோவும் நண்பர்களும் 1965இல் நாட்டார் மரபுகளைப் பேணும் சங்கம் ஒன்றை அமைத்து, அழிய இருந்தவற்றைத் திரட்டினார்கள். இன்று அங்கே ஆயிரக்கணக்கான பொம்மைகள் இருக்கின்றன. சிசிலிப் பொம்மைகளோடு ஆசிய நாடுகளின் பொம்மைகளும், யாவாத் தீவின் வாயாங் தோற்பாவைகளும் உண்டு. இந்தோனேசியாவில் இராமாயணமும் மகாபாரதமும் இன்றும் தோற்பாவையாக ஆடப்படுகின்றன என்பதை எம் பிள்ளைகள் பலெர்மோவிலேயே அறிந்துகொள்ளலாம்.

சிசிலிப் பொம்மலாட்டத்தை யுனெஸ்கோ 2001இலும், வாயாங்கை 2003இலும் மானிட மரபுச் செல்வங்களாக அறிவித்தது. எமது இலங்கையின் நூற்பாவைக் கூத்தான 'ரூகட நாட்டிய' 2018இல் அதன் மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. பலெர்மோப் பொம்மை ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரமானது. அதன் முழங்கால் மடியும், வாளை உறையிலிருந்து உருவி மறுபடியும் செருகும். ஓர்லாந்தோவும் ரினால்தோவும் சகோதர முறையான வீரர்கள். அஞ்சலிக்கா என்னும் இளவரசி பொருட்டு இருவரும் மோதுவார்கள். சகோதர முறையானவர் போரிடும் கதை பாரதம் கேட்டு வளர்ந்த அம்மம்மாவுக்குப் புதியதல்ல. பிள்ளை இக்கதையைச் சொன்னால் அவர் அக்கதையைச் சொல்வார். மாலையில் மாஸ்ஸிமோ நாடக அரங்குக்கு அருகிலுள்ள ஒலிவெல்லா வீதிக் கொட்டகையில் நேரடி ஆட்டமும் பார்க்கலாம். ஆட்ட நாள்களை முன்கூட்டியே கேட்டறிக.

பியாற்சா மரீனாவின் கரிபால்டிப் பூங்காவில் ஒரு மாபெரும் மரம் நிற்கிறது. விழுதுகள் தரையிறங்கித் தூண்களாகிவிட்ட அதனை ஆலமரம் என்றே அம்மம்மா சொல்வார். ஆலின் இனந்தான், ஆனால் ஆஸ்திரேலியப் பக்கத்தது என்று பேரப்பிள்ளை விளக்கட்டும். இவ்வின மரம் 1845இல் பலெர்மோத் தாவரவியற் பூங்காவுக்கு வந்தது. 1795இல் திறக்கப்பட்ட அப்பூங்கா பல்கலைக்கழகத்துக்கு உரியது, பரப்பு ஏறத்தாழ 10 ஹெக்ரேயர். தூரத்திலிருந்து வந்து இம்மண்ணில் விழுது விட்ட மரத்தைப் பற்றி எம்மவருக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. அருகிலுள்ள வில்லா ஜூலியாப் பூங்காவில் சிறுவர்கள் ஓடி விளையாடலாம், அனுமதி இலவசம்.

இரண்டாம் நாள் அரசர்களின் நாள். 831இல் அரபியரும் 1072இல் நோர்மனியரும் இந்நகரைக் கைப்பற்றினார்கள். நோர்மனிய அரசன் இரண்டாம் ரொஜர் தன் அரண்மனையினுள் கட்டிய தேவாலயம் 1140இல் அபிஷேகம் செய்யப்பட்டது. சுவரில் கிரேக்கக் கைவினைஞரின் பொன் மொசைக், மேலே முஸ்லிம் தச்சர்களின் மரக்கூரை, நடுவே இலத்தீன் வழிபாடு. அரசன் 1142இல் செய்வித்த நீர்க்கடிகாரத்தின் கல்வெட்டு இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை நடப்பதால் நேரம் கேட்டுச் செல்லுங்கள். தோளும் முழங்காலும் மறைய உடுத்துவது எமது கோயில் ஒழுங்கு போன்றதே. வசதியுள்ளவர்கள் 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மொன்ரெயாலே பேராலயத்துக்கும் போகலாம். அங்கே மொசைக்கில் நோவாவின் பேழையைக் காணும் பிள்ளைக்கு மச்சாவதாரத்தின் ஓடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது அம்மம்மாவின் முறை.

அன்றைய பின்னேரத்தில் ஸீசா மாளிகைக்குப் போங்கள். 1165இல் கட்டத் தொடங்கிய இம்மாளிகை அரசரின் கோடை வாசத்துக்கானது. கடற்காற்று முன்னாலிருந்த குளத்தின் மேலாக வந்து, உள்ளே ஓடும் நீரூற்றிலும் குளிர்ந்து அறைகளுக்குப் போகும்படி அமைத்தார்கள். எமது நாற்சார் வீட்டு முற்றத்தின் பயனை அறிந்தவருக்கு இச்சூத்திரம் உடனே விளங்கும்.

அங்கே ஒரு பளிங்குக் கல் இருக்கிறது. கிறிசாந்தோ என்னும் அரசவைக் குருவானவர் தன் தாயார் அன்னாவின் நினைவாக 1149இல் பொறிப்பித்தது. இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்திலான அரபு என நான்கு வகையில் ஒரே செய்தி. ஒவ்வொன்றிலும் அந்தந்தச் சமூகத்தின் ஆண்டுக் கணக்கே காணப்படுகிறது. அயலில் வாழ்ந்த எல்லோரும் தன் தாயின் பெயரை வாசித்தறிய வேண்டுமென்று மகன் விரும்பினான் போலும். நான்கு நாளில் ஒன்றை மட்டுமே பார்க்க முடியும் என்றால் இக்கல்லையே பார்க்கச் சொல்வேன். வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்பதை வெட்கமாக எண்ணும் பிள்ளை, இவ்வூர் 870 ஆண்டுகளுக்கு முன்னரே எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் காணட்டும்.

மூன்றாம் நாள் மலைக்கு. மொன்தே பெல்லெக்ரீனோவின் குகைக் கோயிலில் புனித ரொசாலியா வீற்றிருப்பதும், எம்மவர் ஞாயிறுதோறும் சைவர் கிறிஸ்தவர் என்ற பேதமின்றி மலையேறுவதும் இவ்வூரே அறிந்த செய்தி. ஆனால் ஏன் ஏறுகிறோம் என்ற கதையைப் பிள்ளைகள் அறிவார்களா? 1624இல் பலெர்மோவைக் கொள்ளைநோய் தாக்கியது. அவ்வாண்டில் குகையில் கண்டெடுத்த எலும்புகளை ரொசாலியாவினுடையவை எனக் கொண்டு, 1625இல் நகர வீதிகளில் ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். நோய் அகன்றதென்று மக்கள் நம்பினார்கள். அந்நோயின் கிருமியை மருத்துவம் கண்டது 1894இல்தான். யூலை 14 இரவுத் தேர்விழாவும் செப்ரெம்பர் 4 மலை யாத்திரையும் இன்றும் தொடர்கின்றன. 2024இல் தேர்விழாவின் 400ஆவது நிறைவு கொண்டாடப்பட்டது.

இங்கே வைத்தியனாக ஒரு சொல். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் மலையேறக் கூடாது. பாத நரம்பு மரத்திருந்தால் கல் குத்தியதும் வெயிலில் காய்ந்த தரை சுட்டதும் தெரியாது. சிறு காயம் ஆறாப் புண்ணாகி, காலையே எடுக்கவேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். நேர்த்தி வைத்தவர் பஸ்ஸில் ஏறி, மேலே வாசலில் செருப்பைக் கழற்றினாலும் போதும், அம்மை கோபிக்க மாட்டார். நடப்பவர்கள் விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் போய்ச் சேருங்கள்.

நான்காம் நாள் மொந்தெல்லோக் கடற்கரை. ஆழம் குறைந்த மணற்கரை என்பதால் சிறுவருக்கு ஏற்றது. இன்று மக்கள் குளித்து மகிழும் இவ்விடம் ஒரு காலத்தில் மலேரியாச் சதுப்பு நிலம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்நீரை வடிக்கத் தொடங்கிய பின்னரே வீடுகளும் குளியல் மண்டபமும் எழுந்தன. இத்தாலி மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 1970இல் ஏற்றது, இலங்கையை 2016இல் ஏற்றது. கொயினா விழுங்கிய கதை அம்மம்மாவிடம் இருந்தால் பிள்ளை கேட்டு வைக்கட்டும்.

கப்புச்சீனோத் துறவிகளின் நிலவறைக்கும் சில உறவினர் ஆசைப்படுவார்கள். பதப்படுத்திய உடல்கள் சுவரோரமாக நிற்கும் இடம் அது. 1920இல் நிமோனியாவால் இறந்த ரொசாலியா லொம்பார்தோ என்ற குழந்தையின் உடல் உறங்குவது போலவே இருக்கிறது. மருத்துவ மாணவருக்கு அது பாடம். பத்து வயதுக்கு உட்பட்டோரைக் கூட்டிச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. பகலில் பயப்படாத பிள்ளைதான் இரவில் நித்திரை கொள்ளாது.

சாப்பாடு பற்றியும் சொல்லவேண்டும். வீதியோரக் கடையில் கிடைக்கும் பனெல்லே கடலைமாவில் செய்து பொரிப்பது. சைவர்கள் தயங்காமல் உண்ணலாம், ஆனால் பொரிக்கும் எண்ணெயில் வேறு எதுவும் பொரிக்கிறார்களா என்று கேளுங்கள். அரஞ்சீனாவின் உள்ளே பெரும்பாலும் இறைச்சி உண்டு. 'வெண்ணெய்' என்று பெயர் சொன்னதிலும் பன்றி இறைச்சித் துண்டு இருப்பது வழக்கம். ஸ்பின்சியோனே ரொட்டியில் நெத்தலி மீன் கலந்திருக்கும். பானி கா மேவுசா என்பது மாட்டு மண்ணீரல், ஆகவே தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். இவற்றைக் கடைக்காரரிடம் கேட்டு அறிந்து சொல்வதும் பிள்ளையின் வேலையாகட்டும்.

பகல் பதினொரு மணி முதல் நான்கு மணி வரை முதியோரையும் கைக்குழந்தையையும் வெயிலில் நடத்தாதீர்கள். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, அன்றைய மாத்திரை மூன்றும் பையில் இருக்கட்டும். ஸீசா போன்ற பிராந்திய அரசின் இடங்களில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அனுமதி இலவசம். மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம்.

நான்கு நாள் முடிவில் அம்மம்மாவின் கால் நோகும், பிள்ளையின் வாய் நோகும். இரண்டுக்கும் ஓய்வே மருந்து. விழுது, தோற்பாவை, கல்வெட்டு, சதுப்பு நிலம் என்று பத்துப் புதிய தமிழ்ச் சொற்களாவது அப்பிள்ளையிடம் தங்கிவிடும். வந்தவரும் ஊர் திரும்பி, தன் பேரன் வாழும் ஊர் இன்னது என்று நாலு பேரிடம் சொல்வார். விடுமுறை முடிந்ததும் பிள்ளைகள் தாம் காட்டிய ஓர் இடத்தைப் பற்றி அரைப் பக்கம் தமிழில் எழுதி ஆசிரியரிடம் சேர்ப்பித்தால், எழுத்துப் பிழை பார்க்காமல் முதலில் வாசிப்பவன் நானாக இருப்பேன்.

அடுத்த இதழில் வழமைபோல் நீரிழிவு.