பேயை விட இதுதான் பயம்!

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு பழைய வீடு, நாலு லைட், ஒரு நடிகை. சின்ன பட்ஜெட் பேய்ப் படத்துக்கு இது போதும் என்பார்கள். 2012-ல் 'பீட்சா' ஹிட்டானதும் அந்த நம்பிக்கை கூடியது. ஆனால், நைட் ஷூட்டிங்கில் அந்த நடிகை உடை மாற்ற இடம் எங்கே?

'பீட்சா' நாயகி ரம்யா நம்பீசன் அங்கம் வகிக்கும் மலையாள சினிமா பெண்கள் கூட்டமைப்பு கேட்டதால்தான், கேரளாவில் 2017-ல் ஹேமா கமிட்டி அமைந்தது. டாய்லெட், உடை மாற்றும் அறை இல்லாத ஷூட்டிங் தளங்களை 2024-ல் வெளியான அதன் அறிக்கை பதிவு செய்தது.

2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேர் வேலை செய்தாலே பாலியல் புகாரை விசாரிக்க உள் குழு கட்டாயம். சினிமா யூனிட்டுக்கும் இது பொருந்தும் என்று 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பட்ஜெட் கம்மியா? கிராபிக்ஸைக் குறையுங்கள். டாய்லெட்டிலும், அவர் வீடு திரும்பும் வண்டியிலும் கை வைக்காதீர்கள்.